வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் போலீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கம்போங் பாண்டான் பக்கம் கோயில் மண்டபத்திலோ குடியிருப்பாளர் கூட்டத்திலோ சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் எழுந்து இதைத்தான் கேட்பார்: "போலீஸ் வந்து கதவைத் தட்டினால் திறந்தே ஆகவேண்டுமா?" அந்தக் கேள்வியில் பயமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்து நம்பிக்கொண்ட தவறான தகவல்களும் கலந்திருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் மலேசியச் சட்டத்தைப் பற்றியவை. ஏற்கெனவே வழக்கில் சிக்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வாரண்ட் இல்லாமல் போலீஸ் என் வீட்டுக்குள் நுழைய முடியுமா?

முடியும். "வாரண்ட் எங்கே?" என்று கேட்டுவிட்டால் போலீஸ் திரும்பிப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54, 56 ஆகிய பிரிவுகள் மாஜிஸ்திரேட்டிடம் சோதனை வாரண்ட் வாங்கும் வழியைச் சொல்கின்றன. அதே சட்டம் வாரண்ட் இல்லாமலேயே நுழையப் பல வழிகளையும் திறந்து வைத்திருக்கிறது.

அப்படியானால் எப்போது வேண்டுமானாலும், எதற்காக வேண்டுமானாலும் நுழையலாமா? கூடாது. ஒவ்வொரு வழிக்கும் சட்டம் ஒரு கட்டு போட்டிருக்கிறது. தேடும் பொருள் எது, தேடும் இடம் எது, பொறுப்பேற்கும் அதிகாரி யார் என்பவை அந்தக் கட்டுகள். இவற்றைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே அதுதான்.

அரசமைப்புச் சட்டம் வீட்டைக் காப்பதில்லையா?

வீடு என்று பெயர் சொல்லிக் காப்பதில்லை. அமெரிக்காவில் 1791-இல் சேர்க்கப்பட்ட நான்காம் திருத்தம், மக்கள் தங்கள் உடலிலும் வீட்டிலும் காகிதங்களிலும் உடைமைகளிலும் நியாயமற்ற சோதனைக்கு ஆளாகாத உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. 1957-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இந்திய அரசமைப்புச் சட்டத்திலும் இல்லை.

நம்மிடம் இருப்பது, சட்டத்துக்கு இணங்கவே தவிர யாருடைய உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்னும் 5(1) விதி. சட்டப்படி அல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் 13(1) விதியும் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வாதாட வேண்டும்.

ஆனாலும் 5-ஆம் விதி சுருங்கிய விதி அல்ல. சிவராசா ராசையா வழக்கறிஞர் மன்றத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2010-இல் சட்ட ஏடுகளில் வெளிவந்த தீர்ப்பில், தனிமனிதச் சுதந்திரம் என்பதற்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். வழக்கின் பொருள் வீட்டுச் சோதனை அன்று. வழக்கறிஞர் மன்றத் தேர்தலில் யார் நிற்கலாம் என்பது. இருந்தும் அந்த ஒரு வாக்கியம் நம் வீட்டு வாசல் வரை வரவேண்டிய வாக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். படுக்கையறை அலமாரியை அந்நியர் திறந்து பார்க்கும்போது மீறப்படாத அந்தரங்கம் வேறு எங்கே மீறப்படும்?

சரி, எந்தெந்தச் சூழலில் வாரண்ட் தேவையில்லை?

நடைமுறையில் அதிகம் சந்திப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு. ஒரு குற்றத்தை விசாரிக்கும் அதிகாரி, விசாரணைக்கு ஒரு பொருளோ ஆவணமோ தேவை என்று கருதுகிறார். எழுத்து மூலம் கேட்டால் அதை வைத்திருப்பவர் கொடுக்கமாட்டார் என்று நம்பக் காரணம் இருக்கிறது, அல்லது அது யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்போது அவர் தேடலாம். ஆனால் முடிந்தவரை அவரே நேரில் வந்து தேட வேண்டும். தமக்குக் கீழுள்ளவரை அனுப்பினால், எந்தப் பொருளை, எந்த இடத்தில் தேட வேண்டும் என்று எழுத்தில் ஆணை கொடுத்து அனுப்ப வேண்டும். ஆகவே "விசாரணை அதிகாரி யார்? புகார் எண் என்ன? எதைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக்குறைவும் ஆகாது, எதிர்ப்பும் ஆகாது.

திருட்டுப் பொருளுக்கு 62-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. இதில் கட்டு இன்னும் இறுக்கம். இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வாரண்ட் வாங்கும் நேரத்துக்குள் பொருள் கைமாறிவிடும் என்று நம்ப நல்ல காரணம் இருக்க வேண்டும். களவு போன பொருள்களின் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். களவு கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனைக்குக் கூடவே வரவும் வேண்டும். பக்கத்து வீட்டில் மோட்டார்சைக்கிள் காணாமல் போனது என்று சொல்லிக்கொண்டு உங்கள் நகைப்பெட்டியைக் குடைய இந்தப் பிரிவு இடம் தராது.

கைது செய்யப்பட வேண்டிய ஒருவர் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் 16-ஆம் பிரிவு வருகிறது. கேட்டால் நீங்கள் வழிவிட வேண்டும். வழிவிடாவிட்டால், தாம் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி உள்ளே விடும்படி கேட்ட பிறகு அவர்கள் கதவையோ சன்னலையோ உடைக்கலாம். இந்த வரிசை முக்கியம். முதலில் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும், உடைப்பது கடைசியில்.

போதைப்பொருள் வழக்கு என்றால் 1952-ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் தனி அதிகாரம் தருகிறது. வாரண்டுக்குக் காத்திருந்தால் சோதனையின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் நுழையலாம். பாதுகாப்புக் குற்றங்களுக்கும் திட்டமிட்ட குற்றக் கும்பல் வழக்குகளுக்கும் 2012-இல் 116ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதிலும் இதே போன்ற வாசகம்தான். அதே ஆண்டில் வந்த சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், 28 நாள் வரை போலீஸ் காவலில் வைக்க வழி செய்கிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டதையும், 2020 பிப்ரவரியில் வழக்குகள் கைவிடப்பட்டதையும் நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

குடிநுழைவுத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றுக்கும் அவரவர் சட்டத்தில் தனி அதிகாரங்கள் உண்டு. வந்திருப்பவர் எந்தத் துறை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். முதலில் என்ன செய்வது?

அடுக்குமாடி வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே கிரில் இருக்கும். மரக்கதவைத் திறந்து, கிரிலைப் பூட்டியபடியே பேசுங்கள். சீருடை இல்லாமல் வந்தவரிடம் "போலே சாயா தெங்கோக் காட் குவாசா, துவான்?" என்று கேளுங்கள். காட் குவாசா என்பது போலீஸாரின் அதிகார அட்டை. நெடுநாளாக வழக்கில் இருக்கும் நிறப்பிரிவு இது: நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ், வெள்ளை என்றால் துணைப் போலீஸ் சேமப்படை, சிவப்பு என்றால் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு உங்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை. பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பதவி முக்கியம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதைச் சரிபார்க்க வாசலில் உங்களுக்கு இருக்கும் ஒரே வழி இந்த அட்டைதான்.

போலீஸ் வேடத்தில் கொள்ளையடிப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் 999-ஐ அழையுங்கள், அல்லது மாவட்டப் போலீஸ் தலைமையகத்தைக் கூப்பிட்டு இந்த அதிகாரியை அனுப்பியது உண்மையா என்று கேளுங்கள். அழைக்கப் போவதை வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். கதவைத் திறக்க மறுக்கிறார் என்ற பேச்சுக்கு இடம் வேண்டாம்.

வாரண்ட் இருப்பதாகச் சொன்னால் வாங்கிப் படியுங்கள். முகவரியில் மாடி எண்ணும் வீட்டு எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள்.

"எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "நீங்கள் சோதனை செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் தடுக்கமாட்டேன்" என்று அமைதியாக, நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். பின்னாளில் "அவரே உள்ளே கூப்பிட்டார்" என்ற வாதம் எழும்போது இந்தச் சொற்களுக்கு மதிப்பு இருக்கும்.

கையால் தடுக்காதீர்கள். கதவை முகத்தில் அறைந்து சாத்தாதீர்கள். அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தால் தண்டனைச் சட்டத்தின் 186-ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறையோ 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சோதனை சட்டப்படியானதா என்பதை வாசலில் கைகலப்பால் முடிவு செய்ய முடியாது. வீட்டில் சூடான ரத்தமுள்ள தம்பி இருந்தால் அவரை முதலில் உட்கார வையுங்கள்.

நள்ளிரவில் வரலாமா?

இரவில் வரக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவான தடை இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தியாவில் கரக் சிங் என்பவர் உத்தரப்பிரதேசப் போலீஸின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தார். இரவில் போலீஸார் வந்து கதவைத் தட்டி எழுப்புவார்கள். 1962-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளுக்கு இடம் தந்த விதியை மட்டும் செல்லாது என்றது. அந்தரங்கம் தனி உரிமை அன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் அதே தீர்ப்பில் சொன்னார்கள். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தார்கள். இந்தியத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் அவர்களின் 21-ஆம் விதிக்கும் நம் 5(1) விதிக்கும் வாசகம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், நம் வழக்கறிஞர்கள் அவற்றை எடுத்துவைத்து வாதாட முடியும்.

சோதனை நடக்கும்போது நான் எங்கே இருக்க வேண்டும்?

அவர்கள் தேடும் அறையில், அவர்கள் கைகளைப் பார்க்கக்கூடிய இடத்தில். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை முழுவதும் உடன் இருக்க ஒவ்வொரு முறையும் அனுமதிக்கப்பட வேண்டும். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நான்கு பேர் நான்கு அறைக்குள் புகுவது இந்தப் பிரிவின் நோக்கத்துக்கே மாறானது. "ஒவ்வோர் அறையாகத் தேடுங்கள், நான் கூட வருகிறேன்" என்று கேளுங்கள். மறுத்தால் யார், எத்தனை மணிக்கு மறுத்தார் என்பதை நினைவில் நிறுத்துங்கள்.

அடுத்தது பட்டியல். எடுத்துச் செல்லும் பொருள் ஒவ்வொன்றையும், அது எங்கே கிடைத்தது என்பதையும் எழுதி, சோதனை செய்த அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. நீங்கள் கேட்டால் பிரதி ஒன்றைத் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். நீதிமன்ற வட்டாரத்தில் இதற்குச் செனாராய் கெலெடா என்று பெயர்.

பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அலமாரி" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த அறை அலமாரி, யாருடைய அலமாரி என்று எழுதச் சொல்லுங்கள். பணம் எடுத்தால் உங்கள் கண் முன்னால் எண்ணி, தொகையை எழுத வேண்டும். நகை என்றால் எண்ணிக்கையும் வகையும். தாலிக்கொடியை "மஞ்சள் நிறச் சங்கிலி ஒன்று" என்று எழுதினால், பிறகு அதே தாலிக்கொடி திரும்பி வந்ததா என்று எப்படி நிரூபிப்பீர்கள்? மலாய் சரியாகப் படிக்க வராத பெரியவர்கள் வீட்டில் தனியாக இருந்தால், பக்கத்து வீட்டிலிருந்து படிக்கத் தெரிந்த ஒருவரை அழைக்க அனுமதி கேளுங்கள்.

அவர்கள் போனதும், மனம் எவ்வளவு கலங்கியிருந்தாலும் அன்றே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: வந்த நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், வண்டி எண், எந்த அறையில் எவ்வளவு நேரம், யார் என்ன சொன்னார்கள். உடைந்த பூட்டையும் கலைந்த அறையையும் படம் எடுத்துவையுங்கள்.

கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டால்?

சட்டப்படியான சோதனையாக இருந்தால் 116பி பிரிவு போலீஸ் பக்கம் நிற்கிறது. கணினித் தரவுகளைப் பார்க்க அவர்களுக்கு வழி தர வேண்டும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் கைப்பேசியில் இருக்கும் காலத்தில் இவ்வளவு பரந்த அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டின் பார்வை இல்லாமல் கொடுத்திருப்பது தவறு. இன்று சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கைப்பேசியை எடுத்துச் சென்றால் பட்டியலில் அதன் வகையும் வரிசை எண்ணும் இருக்கட்டும்.

வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது வந்தால்?

பெண்கள் மட்டும் இருப்பதால் வீட்டைச் சோதிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தைக் கண்டிப்பாகக் காத்து, அதைச் செய்ய வேண்டும். 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பெண் அதிகாரி இல்லாவிட்டால் அவர் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொல்ல வேண்டுமா?

பெயர், முகவரி, அடையாள அட்டை விவரங்களைச் சொல்லுங்கள். அதற்கு மேல் 112-ஆம் பிரிவின் கீழ் சாட்சி வாக்குமூலம் எடுக்கும்போது வழக்கைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. ஆனால் உங்களையே குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். "வழக்கறிஞரோடு பேசிய பிறகு சொல்கிறேன்" என்பது போதும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். வாக்குமூலத்தை நீங்கள் பேசிய மொழியிலேயே வாசித்துக்காட்டி, திருத்த வாய்ப்புத் தந்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் சொன்னால் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். ஒருவர் அறையில் ஏதாவது கிடைத்தால்?

வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் ஊகங்கள் இருக்கின்றன. போதைப்பொருள் உள்ள இடமோ பையோ உங்கள் வசத்தில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அந்தப் பொருளும் உங்களுடையது, அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டது; ஆனால் போதைப்பொருள் கடத்தலுக்கான 39பி பிரிவின் கீழ் மரண தண்டனை இன்னும் விதிக்கப்படலாம்.

இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும்: அந்த இடத்துக்கு வேறு யார் போய்வர முடியும்? அறைச் சாவி யார் யாரிடம் இருந்தது, அலமாரி பூட்டியிருந்ததா, முன்பு குடியிருந்தவர் சாமான் விட்டுப்போனாரா என்பதெல்லாம் உயிர் காக்கும் விவரங்கள். பொருள் கிடைத்த இடம் பட்டியலில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் யார் எந்த அறை என்று எழுதிவைப்பதும் நல்லது.

சோதனையே சட்டவிரோதம் என்றால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் அல்லவா?

ஆகாது. மிகப் பெரிய தவறான நம்பிக்கை இதுதான். அமெரிக்காவில் 1961-இல் மேப் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, சட்டவிரோதமாகக் கைப்பற்றிய சான்றை மாநில நீதிமன்றங்களும் ஏற்கக் கூடாது என்ற விதி வந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் வழக்கு உடைவது அந்த விதியால்தான்.

நம் நீதிமன்றங்கள் பின்பற்றுவது வேறொரு வழி. கென்யாவில் அவசரகாலத்தின்போது குருமா என்பவரைப் போலீஸார் வழியில் நிறுத்திச் சோதித்து, இரண்டு தோட்டாக்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். சோதித்தவர்களுக்கு அதற்குத் தேவையான பதவி இல்லை. இருந்தும், சான்று வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் அது எப்படிக் கிடைத்தது என்று பார்க்கத் தேவையில்லை என்று காலனிகளுக்கு அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் கூறி, மரண தண்டனையை நிலைநிறுத்தியது. 1955-இல் சட்ட ஏட்டில் பதிவான அந்தத் தீர்ப்பின் வழியில்தான் நம் நீதிமன்றங்கள் இன்றும் செல்கின்றன. காலனி ஆட்சியில், அவசரகாலத்தில் பிறந்த ஒரு விதி சுதந்திர நாட்டின் வீடுகளை இன்னும் ஆள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தரங்கம் 5-ஆம் விதிக்குள் அடங்கும் என்றால், அதை மீறிப் பெற்ற சான்றுக்கும் ஒரு விலை இருக்க வேண்டும்.

அதுவரை நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. முறைகேடு சான்றை வெளியேற்றாவிட்டாலும் அதன் நம்பகத்தன்மையைக் குலைக்கலாம். பட்டியல் இல்லை, குடியிருந்தவரை உடன் வைத்துக்கொள்ளவில்லை, பொருள் எங்கே கிடைத்தது என்று இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றால், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகலாம். நீங்கள் அன்று எழுதிவைத்த குறிப்பு வழக்கறிஞருக்குக் கை கொடுப்பது இந்த இடத்தில்தான்.

சோதனையின் முடிவில் கைது செய்தால்?

காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசமைப்புச் சட்டத்தின் 5(3), 5(4) விதிகள். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. வசதி இல்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை கைது, தடுப்புக் காவல் கட்டங்களிலேயே இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. 2012 முதல் செயல்படுகிறது. எந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முறைகேடு நடந்துவிட்டது. எங்கே முறையிடுவது?

முதலில் போலீஸ் புகார் செய்யுங்கள், வேறொரு நிலையத்திலும் செய்யலாம். போலீஸ் துறையின் நேர்மைப் பிரிவுக்கு எழுதலாம். 2023 ஜூலை முதல் சுயேச்சைப் போலீஸ் நன்னடத்தை ஆணையம் இயங்குகிறது. அது விசாரித்துப் பரிந்துரைக்குமே தவிர நேரடியாகத் தண்டிக்காது. மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் முறையிடலாம். உடைத்த கதவுக்கும் திரும்பி வராத பொருளுக்கும் பட்ட அவமானத்துக்கும் இழப்பீடு வேண்டுமானால் உரிமையியல் வழக்குதான் வழி. அரசுக்கு எதிரான வழக்கு என்பதால் 36 மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும். அந்தக் கெடு கடந்துவிட்டால் எவ்வளவு நியாயமான வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். பட்டியலின் பிரதியையும் அன்று எழுதிய குறிப்பையும் எடுத்துக்கொண்டு அந்த மாதமே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.